என் பங்குக் கறி

…தின்றுவிட்டார்களாம், அவ்வளவுதான், முடிந்துவிட்டதாம், என் புருஷன் சமத் தன் அண்ணன்மாரோடு நாரின் ஊரில் எங்கள் அம்மா வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம், கொழுத்த ஆடு ஒன்றைக் கொண்டுவந்தானாம், என் அண்ணன் மெலிஸ் போய்க் கயிற்றைக் கையில் வாங்கினானாம், வாங்கிய பிறகு பேச என்ன இருக்கிறது, மன்னிப்பு கேட்டு வந்தவன் ஆட்டை அறுத்து உட்கார்ந்து தின்றுவிட்டால் பெண் வீட்டாரின் கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம், எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அடி வாங்கியவள் நானல்லவா, ஆறியது யாருடைய கோபம்? காலையில் தையற்கூடத்தில் பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா போனில் சொன்னாள், "கறி பஞ்சு மாதிரி வெந்துச்சுடி" என்றுதான் ஆரம்பித்தாள், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள், உன் பங்கை வேன்ல அனுப்பியிருக்கேன், ஒரு வாய் சாப்பிட்டுட்டு போன் பண்ணு, நீயும் சாப்பிட்டாத்தான் முழுசா முடியும், நாளைக்கு மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவார். மாப்பிள்ளையாம். நான் இந்த ஏரிக்கரை ஊர் பாலிக்சியில் ஒளிந்திருப்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும், இப்போது அவனுக்கும் தெரியும், கறி வேகும் நேரத்துக்குள் சொல்லியிருப்பார்கள்.

வேன் நிலையத்தில் காற்று ஆளைத் தள்ளியது. டிரைவர் எங்கள் ஊர்க்காரர்தான், என்னைப் பார்த்ததும் சீட்டுக்கடியிலிருந்து துண்டில் சுற்றிய பையை எடுத்தார், "நீதானே மெலிஸ் தங்கச்சி ஜிபார்? பிடி. வழியெல்லாம் வண்டி மணத்துச்சு, அத்தனை பேர் வாயில இருந்தும் காப்பாத்திக் கொண்டாந்திருக்கேன்." ஒரு துண்டு எடுத்துக்கங்கண்ணே என்றேன், சும்மாதான். "எனக்கெதுக்கும்மா வம்பு, அதைத் தின்னா நாளைக்கு உன் புருஷன் வந்து என்னையில்ல கூட்டிட்டுப் போவான்" என்று சொல்லிச் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய, ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நல்ல மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல், எல்லோரும் நல்ல மனிதர்கள், மெலிஸும் நல்லவன்தான், சின்ன வயதில் என்னைக் குதிரையில் முன்னால் உட்காரவைத்து ஆற்றைக் கடப்பான், இன்று அவன் ஓட்டுகிற லாரி சமத்தின் பெரியண்ணனுடையது, கயிற்றை வாங்காமல் என்ன செய்வான் என்று நானே அவனுக்காக வாதாடுகிறேன் பார், எனக்காக வாதாட அங்கே யார் இருந்தார்கள்?

வீட்டுக்குப் போகாமல் ஏன் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினேன் என்று தெரியவில்லை, கால் போனது, கையில் பை கனத்தது, அம்மா தாராளமாகத்தான் வைத்திருக்கிறாள். அம்மா பார்க்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. போன குளிர்காலத்தில் நான் அம்மாவிடம் ஓடி வந்தபோது சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தவள் அவள்தான், ஆட்டு வால் கொழுப்பை உருக்கி, சூடு பார்த்து, விரல் நுனியால் தடவியவள், கண்ணீர் என் தோளில் விழுந்ததே, அதுவும் பொய்யில்லையே… பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது அதே வாயால், "பனியில வழுக்கி விழுந்துட்டா" என்றாள். மூன்றாம் நாள் மெலிஸ் என்னைத் திரும்பச் சமத்திடமே கொண்டுபோய் விட்டான். சமத் அடித்தது உடம்பில் ஆறிவிட்டது, அம்மா சொன்ன அந்த ஒரு பொய் இன்னும் ஆறவில்லை, எவ்வளவு வெறுக்கப் பார்த்தாலும் முழுதாக வெறுக்கவும் வரவில்லை.

ஏரியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இலையுதிர் காலத்தில் வந்தவள், தினமும் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. இந்தக் குளிரில் வாளித் தண்ணீர் கல்லாகிறது, கரைக் கற்களெல்லாம் பனிக்கட்டி பூசிக் கிடக்கின்றன, தூரத்து மலைகள் அடிவரைக்கும் வெள்ளை, நடுவில் இத்தனை பெரிய தண்ணீர் உறையாமல், கருநீலமாக, ஆவி விட்டுக்கொண்டு, அதன் மேல் அன்னங்கள், பனி பிடித்த ஊர்களிலிருந்தெல்லாம் வந்து ஏதோ தங்கள் சொந்த வீடு மாதிரி மிதக்கின்றன. உறைந்துவிடு என்று எல்லாம் சேர்ந்து நெருக்கும்போது எப்படி இது மட்டும் மாட்டேன் என்கிறது? பையைத் திறந்தேன், வீசத்தான் நினைத்தேன், ஆனால் வெந்த கறியை வீச எந்தக் கை வரும், நாய் ஒன்று வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது, கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது, வெங்காய மணம், காலையிலிருந்து தேநீர் மட்டும்… கடித்துவிட்டேன். ஐயோ, கடித்துவிட்டேனே என்று அப்படியே நின்றேன். எதற்குக் காத்திருந்தேன்? கால்கள் தாமாகவே நாரினை நோக்கி நடக்கும் என்றா, தொண்டையிலிருந்து சரி என்ற சொல் தானாக வந்து விழும் என்றா? ஒன்றும் நடக்கவில்லை. கறி நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு தின்றேன், இன்னொன்று, உள்ளே தேடித் தேடிப் பார்த்தேன், போகமாட்டேன் என்பது இருந்த இடத்திலேயே இருந்தது, வாய் தின்கிறது, நான் மாட்டேன் என்கிறேன், இரண்டும் ஒரே உடம்பில்! இத்தனை வருடம் யாரும் இதைச் சொல்லவில்லையே, இவ்வளவு எளிதா, இதற்கா இத்தனை பயந்தேன்? எலும்பை நாய்க்குப் போட்டுவிட்டுக் கொழுப்புக் கையோடு அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

போன் அடித்தது. சாப்பிட்டியா என்றாள் அம்மா. சாப்பிட்டேம்மா, எலும்புகூட மிச்சமில்லை. "என் கண்ணு. அப்போ நாளைக்குக் காலையில…" வரலைம்மா, என்றேன், அவனும் இங்க வர வேண்டாம், வந்தா எங்க தையற்கூட மேஸ்திரி அக்கா கதவுல நிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க, உள்ள அத்தனை பேர் கையிலும் கத்தரிக்கோல் இருக்கு. குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். திட்டப்போகிறாள், அழப்போகிறாள், மெலிஸிடம் போனைக் கொடுக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, மிக மெல்ல, "கறியையும் தின்னுட்டு… போகாம இருக்கலாமாடி?" என்றாள். குத்தலாகச் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, கேட்கிறாள், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள், பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கே கேட்கிறது. அம்மா என் வயதில் இருந்தபோது அவளுக்காக அவள் பிறந்த வீட்டுக்கு வந்த ஆட்டை யார் யார் உட்கார்ந்து தின்றார்கள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.