ஐந்தாம் வகுப்பில் சர்க்கரை

லாரியின் பின்கதவு தடாலென்று விழுந்ததும் வேலை தொடங்கிவிட்டது. இன்னும் விடியவில்லை. சுமைகாரர்கள் ஒவ்வொருவராக முதுகைக் காட்டி நின்றார்கள். மேலே நின்றவர்கள் கொக்கியால் குத்தி இழுத்து, மூட்டையை அந்த முதுகில் சரித்தார்கள். மூட்டை விழும்போது வாயிலிருந்து ‘ஹக்’ என்று ஒரு சத்தம் வரும். முழங்கால் ஒருமுறை நடுங்கி நிலைக்கு வரும். சர்க்கரைத் தூள் வேர்வையில் கரைந்து கழுத்தில் பாகாக ஒட்டும். அதைத் தேடி எறும்பு வரும். இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருக்கும்போது பிடரியில் எறும்பு கடித்தால் சுமைகாரன் யாரைத் திட்டுவான்? முதலாளியைத்தான், அதுவும் மனதுக்குள்.

மூட்டைகள் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடம். நோய் வந்தது, பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், சர்க்கரை உள்ளே வந்தது. ஆறு அறைகளில் நான்கில் சர்க்கரை. பள்ளிக் கமிட்டியின் தலைவர் அறைகளை முதலாளிக்கு வாடகைக்கு விட்டார். தலைவரும் முதலாளியும் ஒரே ஆள் என்பதால் பேரம் படிய அதிக நேரம் ஆகவில்லை. விலை ஏறட்டும் என்று அவர் காத்திருந்தார். பள்ளி திறக்கட்டும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

நடுவில் ஒருமுறை திறக்கத்தான் செய்தார்கள். மிச்சமிருந்த இரண்டு அறைகளில் மொத்தப் பிள்ளைகளையும் அடைத்தார்கள். அந்த மாதமே தலைமை ஆசிரியர் மூச்சுத் திணறிச் செத்தார். பிள்ளைகள் இருமலை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கிழிந்த மூட்டைகளைத் தைக்கும் ஊசிக்காரியின் கணவன் அப்படித்தான் போனான். “என்னாலதானே அப்பா செத்துப்போனாரு?” என்று அவள் மகள் கேட்டபோது, அவள் கோணி ஊசியைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். பதில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. கதை சொல்கிற எனக்குத் தெரியும். அந்தப் பத்து வயதுப் பிள்ளையால் இல்லை, சர்க்கரையால்.

இப்போது மறுபடி உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை பள்ளி திறக்கும். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி வேண்டும். ஆனால் இந்த வெள்ளிக்கிழமையும் லாரி வந்து நிற்கிறது.

ஐந்தாம் வகுப்பு அறையில் அடுக்கு உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊசிக்காரியின் தம்பி மொட்டை, தோளில் மூட்டையோடு ஏணிப்பலகையில் நின்றான். தலையில் ஒரு முடி இல்லை என்றாலும் கோபம் மட்டும் அவனுக்கு அடர்த்தி.

“மேஸ்திரி, இதுக்கு மேல வேணாம். அடி மூட்டை ஈரம் குடிச்சிருக்கு. ஜன்னல் பக்கம் சாயுது பாருங்க.”

“சாஞ்சா நீ தாங்கிப் பிடி. இன்னும் ரெண்டு வரிசை ஏத்தச் சொல்லிட்டாரு முதலாளி.”

“பாதிக் கூலிக்கு முழு அடுக்கா?” என்றார் பின்னால் நின்ற வக்கீல். அவரும் சுமைகாரர்தான். எதற்கும் வாதாடுவார் என்பதால் அந்தப் பெயர். “நோய்னு சொல்லி கூலியைக் குறைச்சீங்க. அதே நோயைச் சொல்லி மூட்டையையும் குறைங்களேன்.”

“வாய் இருக்குன்னு பேசாத. வெளியில வேலை இல்லாதவன் வரிசையில நிக்கிறான். போறியா?”

வக்கீல் மூட்டையை ஏற்றினார். மொட்டையும் ஏற்றினான். கரும்பலகையில் யாரோ எப்போதோ எழுதிய கணக்கின் கடைசி வரியும் மறைந்துபோயிற்று.

வெயில் ஏறியது. ஊசிக்காரி வராந்தாவில் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். சுமைகாரர்கள் தெருமுனைக்கு டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஐந்தாம் வகுப்பு டீச்சர் போனில் பாடம் நடத்துவாள். ஊசிக்காரி மகளுக்கும் எதிர்வீட்டில் இருக்கும் வக்கீலின் மகளுக்கும் சேர்த்து ஒரே போன், மொட்டையின் பழைய போன். சார்ஜில் போட்டால்தான் அது உயிரோடிருக்கும். வாடகை பாக்கி என்று அவர்கள் வீடுகளில் கரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில், ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளக் வேலை செய்தது. அந்த ஜன்னலில் ஒரு கம்பியும் இல்லை. பிள்ளைகளுக்கு அது போதும். தங்கள் வகுப்புக்குள் தாங்களே ஏறிக் குதித்து, சர்க்கரைக்கும் சுவருக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பெரியவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அடுக்கு சரிந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. கனமான மிருகம் ஒன்று பெருமூச்சு விட்டுப் படுத்தது போல இருந்தது. வராந்தாத் தரை அதிர்ந்தது. கதவிடுக்கிலிருந்து வெள்ளைத் தூள் கிளம்பியது.

“போச்சு, சரக்கு போச்சு!” என்று மேஸ்திரி ஓடிவந்து பூட்டைத் திறந்தான். ஊசிக்காரி பின்னாலேயே வந்தாள். உள்ளே மூட்டை மலையாகக் கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரு மைக்கை ஆன்ல வெச்சிருக்கீங்க? என்ன சத்தம் அது? பிள்ளைங்களா, கேக்குதா?”

டீச்சரின் குரல். ஊசிக்காரிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் போட்ட அலறலில் டீக்கடையிலிருந்தவர்கள் கிளாசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஒருவன் பழக்கத்தில் கொக்கியை ஓங்கினான். “கொக்கி வேணாம்டா! அடியில பிள்ளைங்க இருக்கு!” என்று மொட்டை அவன் கையைத் தட்டிவிட்டான். கொக்கிகள் வாசலில் விழுந்தன. வெறுங்கையால் இழுத்தார்கள். நகம் பெயர்ந்தது. கிழிந்த மூட்டைகளிலிருந்து சர்க்கரை கொட்டி, எடுத்த இடத்தை மறுபடி மூடியது.

அடியிலிருந்த பிள்ளையின் குரல் வெளியே கேட்கவில்லை. டீச்சருக்குக் கேட்டது. “அழாதம்மா, நான் இருக்கேன், எங்க இருக்கேன்னு சொல்லு” என்றாள் டீச்சர். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். “அங்க யாராவது இருக்கீங்களா? ஜன்னலுக்குக் கீழயாம்! பிளக்குக்குப் பக்கத்துலயாம்! சீக்கிரம்!”

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு தோண்டினார்கள். முதலில் ஊசிக்காரியின் மகள் கிடைத்தாள். வலது கை முழங்கை வரை நசுங்கியிருந்தது. மற்ற கை தோழியின் பாவாடையைப் பிடித்திருந்தது. வக்கீலின் மகளை மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தபோது மூக்கிலும் வாயிலும் சர்க்கரை அடைத்திருந்தது. ரத்தம் பட்ட இடத்தில் மட்டும் அது சிவந்து கரைந்தது. வக்கீல் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தார், ஊதினார், மார்பைத் தட்டினார். பிள்ளை திரும்பவில்லை. அத்தனை பேசுகிற மனிதர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

முதலாளி வந்தபோது ஊசிக்காரியின் மகளை ஏற்றிய ஆஸ்பத்திரி வண்டி போய்விட்டது. இறந்த பிள்ளையை வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மேஸ்திரியிடம் கேட்டார்.

“எத்தனை மூட்டை கிழிஞ்சுது?”

மொட்டை பாய்ந்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“பூட்டின குடோனுக்குள்ள பிள்ளைங்களுக்கு என்ன வேலை? சர்க்கரை திருட வந்திருக்குதுங்க” என்றார் முதலாளி. “போலீசுக்குச் சொல்லிட்டேன்.”

“அது குடோன் இல்லீங்க, அஞ்சாம் வகுப்பு” என்றாள் ஊசிக்காரி. அவள் உடை முழுக்க மகளின் ரத்தம். ஆஸ்பத்திரி வண்டியில் இடமில்லை என்று அவளை இறக்கிவிட்டிருந்தார்கள். “பிள்ளைங்க கணக்குப் படிக்க வந்துச்சுங்க.”

“சரி, விடு. திங்கக்கிழமை பள்ளி திறந்துடும். ரெண்டு ரூம் காலியா இருக்கு, நெருக்கி அடுக்கி உக்கார வெச்சா ஆச்சு. எல்லாம் சரியாப் போயிடும்.”

“அடுக்குனது போதும். பிள்ளைங்க என்ன மூட்டையா?”

“என்னடி குரல் உசருது?” என்று மேஸ்திரி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் முந்தானையில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்தாள். மறுபடி தள்ள வந்த அவன் உள்ளங்கையில் அது இறங்கி மறுபக்கம் நுனி தெரிந்தது. அவன் ஊளையிட்டான். அவள் ஊசியை உருவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் டீச்சர் வந்து சேர்ந்தாள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். “நான் கேட்டேன்” என்றாள். “நான் மட்டும் இல்ல, வகுப்புல இருந்த எல்லாப் பிள்ளைங்களும் கேட்டுச்சு. உங்க போலீஸ்கிட்ட அதையும் சொல்றேன்.”

“டீச்சர், உங்க வேலையைப் பாருங்க.”

“அதைத்தான் பார்க்கப்போறேன்.”

சனிக்கிழமை பிள்ளையைப் புதைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஊசிக்காரி மகளின் மூன்று விரல்களை எடுத்தார்கள். அதே நாள் காவல் நிலையத்தில் இரண்டு சிறுமிகள் மேல் திருட்டுப் புகார் பதிவானது. செத்தவளையும் விட்டுவைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சுமைகாரர்கள் கூடி நின்றார்கள். முதலாளி வீட்டைக் கொளுத்தலாம் என்றான் ஒருவன். மொட்டையும் ஆமென்று தலையாட்டினான்.

“கொளுத்திட்டு?” என்று கேட்டாள் ஊசிக்காரி. “திங்கக்கிழமை பிள்ளைங்க எங்கடா உக்காரும்? அதே ரெண்டு ரூம்லதானே? இன்னும் எத்தனை பேரைப் புதைக்கிறது? மூட்டையை உள்ள வெச்சது யாரு கை? அந்தக் கையாலயே வெளியில வைங்க.”

வக்கீல் முதல் ஆளாக எழுந்தார்.

ஞாயிறு விடியலில் பூட்டுகளை உடைத்து வேலையைத் தொடங்கினார்கள். லாரி இல்லை, மேஸ்திரி இல்லை, கூலியும் இல்லை. எல்லோரும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். மூட்டை முதுகில் விழுந்தது, ‘ஹக்’ என்ற அதே சத்தம் வந்தது, கால்கள் இந்தமுறை வாசலை நோக்கி நடந்தன.

இரண்டு அறை காலியாவதற்குள் முதலாளியின் ஆட்கள் இரும்புக் குழாயோடு வந்துவிட்டார்கள். கையில் கட்டோடு மேஸ்திரி முன்னால் வந்தான். மூட்டை சுமந்தவனுக்கு அடியைத் தடுக்கக் கையில்லை. முதல் அடி ஒருவன் முழங்காலில் விழுந்தது; எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் மூட்டையோடு மண்ணில் சாய்ந்தான். மொட்டையின் நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அவன் சுமையை எறிந்துவிட்டுக் கொக்கியை உருவினான். சுழற்றிய வேகத்தில் ஒருவனுடைய முன்கை கிழிந்து தொங்கியது. வக்கீல் ஒருவனின் குழாயைப் பிடுங்கி அவன் விலாவிலேயே போட்டார். வாயே திறக்காமல், மூட்டை எண்ணுகிற நிதானத்தோடு, திரும்பத் திரும்ப அடித்தார். தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். கல், விறகு, கொதிக்கிற தண்ணீர் என்று கிடைத்ததோடு வந்தார்கள்.

மொட்டையின் கொக்கி மேஸ்திரியின் சட்டைக் காலரில் மாட்டியிருந்தது. மூட்டையைத் தூக்குவது போல அவனைச் சுவரோடு தூக்கினான். நுனி கழுத்தில் இறங்க ஒரு விரல் இடம் இருந்தது.

“விடுடா தம்பி” என்றாள் ஊசிக்காரி.

“அப்போ உன் பொண்ணு விரலுக்கு யாருக்கா பதில் சொல்றது?”

“என் பொண்ணு படிக்கணும்டா. இவன் கழுத்துக்கு நீ ஜெயிலுக்குப் போனா மிச்ச மூட்டையை யாரு இறக்குறது? செத்துப்போன உங்க மாமாவா எழுந்து வருவாரு?”

மொட்டை கொக்கியை எடுத்தான். மேஸ்திரி கழுத்தைத் தடவிக்கொண்டு ஓடினான். ஓடமுடிந்த மற்ற ஆட்கள் அவனுக்கு முன்பே ஓடியிருந்தார்கள்.

எல்லா மூட்டைகளையும் முதலாளியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். கார் வெளியே வர வழியில்லாமல், ஆனால் சாய்ந்துவிடாத உயரத்துக்கு. அடுக்குவதில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. கிழிந்தவற்றையும் சேர்த்து ஒரு மூட்டை குறையவில்லை. ஒருவரும் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போகவும் இல்லை. திருட்டு என்று சொன்னவன் மாடியிலிருந்து எண்ணிக்கொள்ளட்டும்.

பிறகு அறைகளைக் கழுவினார்கள். ஐந்தாம் வகுப்பில், பிளக்குக்குக் கீழே, ரத்தமும் சர்க்கரையும் சேர்ந்து இறுகியிருந்தது. ஊசிக்காரி மண்டியிட்டுத் தேய்த்தாள். கொஞ்சம்தான் போயிற்று. ஜன்னல்களையெல்லாம் திறந்தார்கள். டீச்சர் கை நீளம் அளந்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள்.

மாலையில் ஜீப் சத்தம் கேட்டது, ஒன்றுக்கு மேல்.

“நம்ம வெளியில போனா பூட்டிடுவாங்க, மறுபடி மூட்டை வந்துடும்” என்றாள் ஊசிக்காரி. அவள் போய்த் தன் மகளின் வட்டத்தில் உட்கார்ந்தாள். மொட்டை பக்கத்து வட்டத்தில் உட்கார்ந்தான். சுமைகாரர்களும் அவர்கள் மனைவிகளும் அறை அறையாக நிரம்பினார்கள். அத்தனை பெரிய உடம்புகள் அத்தனை சின்ன வட்டங்களில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக் காலை பிள்ளைகள் வந்து எழுப்பும்வரை எழுந்திருக்கப் போவதில்லை.

“நெத்தியில கட்டுப் போட்டா போதுமா? மூக்குத் துணியை மேல ஏத்துங்க” என்று டீச்சர் மொட்டையை அதட்டினாள். சிலர் சிரித்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மேசைமேல் வைத்தாள். வருகைப் பதிவைக் கூப்பிடத் தொடங்கினாள். எந்தப் பிள்ளையின் பெயரோ, அந்த வட்டத்திலிருந்து பதில் வந்தது. ஊசிக்காரி மகளின் பெயர் வந்தபோது போனிலிருந்து மருந்து மயக்கத்தோடு ஒரு குரல், “உள்ளேன் டீச்சர்.”

அடுத்த பெயரில் டீச்சர் நின்றுவிட்டாள். தாண்டிப் போகலாமா என்று யோசித்தாள் போல. வாசலில் பூட்ஸ்கள் நெருங்கின.

“கூப்பிடுங்க டீச்சர்” என்றார் வக்கீல். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

டீச்சர் கூப்பிட்டாள்.

“உள்ளேன் டீச்சர்!” என்று அறை முழுவதும் சொன்னது. பக்கத்து அறையிலிருந்தும் வந்தது. கதவில் லத்தி தட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.