கடைசி அத்தியாயம் நின்ற இடம்

பெரியம்மா இலக்கிய வரலாறு எழுதியபோது அத்தியாயங்களை முதலில் படித்தவள் நான். விலங்கியல் படித்திருந்ததுதான் என் தகுதி.

“தவளையை அறுத்துப் படிச்சவளுக்கே புரிஞ்சிட்டா, ஊருக்கே புரிஞ்ச மாதிரி” என்பார்.

புரிந்தது. அரசனைப் பாடிப் பரிசு வாங்கியவர்கள், கடவுளைப் பாடி ஊர் ஊராக நடந்தவர்கள், அச்சு வந்ததும் கதை எழுத உட்கார்ந்தவர்கள். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல வந்து போனார்கள்.

“எதுவரைக்கும் வந்திருக்கா உங்க பெரியம்மா?” என்று அம்மா மட்டும் அவ்வப்போது கேட்பாள்.

அம்மா இரண்டு கவிதைத் தொகுப்புகள் போட்டவள். இரண்டைப் பற்றியும் அவளுடைய அக்காவான பெரியம்மா வாயே திறந்ததில்லை. அந்த வரலாற்றில் தன்னைப் பற்றி ஒரு வரி வரும் என்று அம்மா காத்திருந்தாள். சொல்லவில்லை. பரணில் கிடந்த தொகுப்புகளை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள்.

கடைசி அத்தியாயத்தைப் பெரியம்மா எனக்குக் காட்டவில்லை. அவசரமாக அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

புத்தகம் வந்ததும் அம்மா கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டினாள். வரலாறு ஓர் ஆண்டோடு நின்றிருந்தது. அவளுடைய முதல் தொகுப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

“எங்கயாவது முடிச்சுத்தானே ஆகணும்” என்றாள். தொகுப்புகள் மறுபடி பரணுக்குப் போயின.

மூன்று வருடம் கழித்துப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார்.

“மறுபதிப்புக்கு இன்னைக்கு வரைக்கும் எழுதித் தரச் சொல்றாங்க. உன் புத்தகங்களைக் குடு.”

“இப்ப எதுக்குக்கா?”

“உன்னைச் சேர்த்தா, தங்கச்சிக்கு இடம் பிடிச்சுக் குடுத்தான்னு பேசுவாங்க. விட்டா உன் முகத்துல எப்படி முழிக்கிறது? அதான் முந்தின வருஷத்தோட நிறுத்திட்டேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கம்முனு இருந்தே?”

“அதெல்லாம் விடு. கவிதை நல்லாயிருந்துச்சா? அதை மட்டும் சொல்லு.”

பெரியம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார்.

“படிக்கலடி. படிச்சா ஒரு முடிவு எடுக்கணுமேன்னு படிக்கவே இல்ல.”

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது. நான் ஸ்டூல் போட்டு ஏறித் தொகுப்புகளை எடுத்துக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை.

“நீ படி.”

ஒரு கவிதையை வாசித்தேன்.

“ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடாதே. ஒவ்வொரு வரியிலயும் நின்னு வா” என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நின்று நின்று இன்னொன்றை வாசித்தேன். பெரியம்மா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“நல்லாயிருக்குடி. ரொம்ப நல்லாயிருக்கு. அடுத்தது எப்ப வருது?”

பாத்திரச் சத்தம் நின்றது.

“அம்மா இப்பல்லாம் எழுதுறதில்ல பெரியம்மா” என்றேன். “உங்க புத்தகம் வந்ததுலேர்ந்து.”