முதல் மரக்காலுக்கு யார் பேர் சொல்வது

1

கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. எனக்குக் குரல் எட்டாது, உங்களுக்குக் காது எட்டட்டும். ஒரு மரக்கால் அளவுக்குத்தான் கதை வைத்திருக்கிறேன். ஆனால் தலை தட்டாமல், கோபுரமாகவே அளந்து தருவேன்.

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், இதில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குக் கிடைத்தது. வல்லத்திலிருந்து செஞ்சிக்கு வரும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க தம்பி ஒண்ணுன்னு சொல்லிட்டான். அதுக்குப் போயி வேலைக்கி வராதன்னுட்டாங்க." அப்புறம் யாரோ கூடைக் கோழியை என் மடியில் வைத்தார்கள். கோழியைச் சமாளித்துவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பெண் இறங்கியிருந்தாள். மீதி எல்லாம் நான் கட்டியது.

2

ஆரம்பத்தை மூன்று தரம் எழுதினேன்.

(முதல் ஆரம்பம்: "ராஜகிரி உச்சியில் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்—" வேண்டாம். செஞ்சி என்று எழுதினாலே பேனா கோட்டை மலையில் ஏறிவிடுகிறது. நம் ஆள் கீழே கடைத்தெருவில் இருக்கிறான்.)

(இரண்டாவது: "சம்பந்தத்துக்குப் பைத்தியம் பிடித்து—" அடித்துவிட்டேன். பிடித்தது என்று எழுதினால் எப்போது விட்டது என்று கேட்பீர்கள். அது அப்படி விடுகிற சாமான் இல்லை.)

மூன்றாவது நிற்கட்டும்:

அறுபத்து நாலாம் வருஷம் தை மாசம், அஜிததாஸ் நைனாருடைய மல்லாட்டை மண்டியில், அளவுக்காரன் சம்பந்தம் ஏழாவது மரக்காலைக் கவிழ்த்தபோது அவன் காதுக்குள் ஒருத்தன் "பன்னெண்டு" என்றான்.*

*கிலோத் தராசு வந்தாச்சே என்பவர்களுக்கு: வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவருகிறவர்கள் அதை நம்பவில்லை. முதலில் மரக்காலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் தராசுக்கு அனுப்புவார்கள்.

3

இந்தக் காதாளை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் தங்கிவிடுவான்.

சம்பந்தத்துக்கு அவன் ரொம்ப மரியாதையான ஆளாகத்தான் இருந்தான். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. எண்ணுவான், அவ்வளவுதான். தப்பாக எண்ணுவான். சம்பந்தம் எட்டு என்றால் அவன் இருபது என்பான். இருபது என்று கேட்டவுடன் சம்பந்தத்துக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு பெரிய மனுசன் சொல்லும்போது நாம் எட்டிலேயே நிற்பதா என்று அவனும் இருபத்தொன்றுக்குத் தாவுவான். மூட்டைக் கணக்கு குளறியது. ஒரு நாள் மரக்காலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மல்லாட்டைக் குவியலுக்குள் இடுப்புவரை புதைந்து உட்கார்ந்துவிட்டான். அக்கா உண்ணாமலை வந்து, "எழுந்திருடா தம்பி, பஸ்ஸு போயிடும்" என்றாள். எந்த பஸ் என்று அவன் கேட்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்.

நைனார் நல்லவர். "ஆறு மாசம் அவன் எடத்துல யாரையும் வெக்க மாட்டேன். அளக்கிற ஆளா திரும்பி வரட்டும்" என்றார்.

4

ஆஸ்பத்திரியில் தைலம்மாள் என்று ஒருத்தி. நோயாளிகளை வேலைக்குத் திருப்பி அனுப்புவதற்கென்றே புத்திக்குப் பயிற்சி கொடுப்பவள். முதல் நாள் பரீட்சை வைத்தாள்.

"உங்களுக்கு மூக்கு எத்தனை, சம்பந்தம்?"

"லாபம்."

"வாய்?"

"லாபம்."

"கண்?"

"ரெண்டு."

தைலம்மாள் பென்சிலைக் கடித்தாள்.

பட்டணத்துக்காரி அவள், பாவம், மண்டி பார்த்ததில்லை. தானியம் அளக்கும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லக் கூடாது. லாபம் என்று ஆரம்பித்து, ரெண்டு, மூணு என்று போக வேண்டும். பதினெட்டு வருஷம் அப்படியே எண்ணின வாய் அது. எண்ணு என்றால் லாபத்தில்தான் தொடங்கும். "ஏன் லாபம்னு சொல்றீங்க?" என்று கேட்டாள். "மொதல்ல அதான் வரும்" என்றான். கேள்வியே அவனுக்கு விசித்திரமாக இருந்தது. எழுதிக்கொண்டாள்.

பயிற்சி நடந்தது. பச்சை மணி ஒரு பக்கம், சிவப்பு மணி ஒரு பக்கம். நடுவில் ஒருத்தர் வேண்டுமென்றே தகரத்தைத் தட்டுவார், மணி கலக்கக் கூடாது. எந்த வேலைக்கும் நாலு சொல்: நில்லு, சொல்லு, செய்யி, பாரு. இதெல்லாம் நன்றாகவே வந்தது. கடைசியில் தைலம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு மரக்காலுக்கும் வலது மடியிலிருந்து ஒரு கொட்டையை இடது மடிக்கு மாற்று. காதாள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், உன் மடி சொல்வதுதான் கணக்கு.

அது பலித்தது. காதாள் முந்நூறு என்றபோதும் சம்பந்தம் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஒம்பது" என்றான். அன்று தைலம்மாள் அழுதுவிட்டாள் என்று எழுதி—

(இல்லை, அழவில்லை. சுண்டல் வாங்கிக் கொடுத்தாள்.)

லாபம்தான் போகவில்லை. அதற்குத் தனியாக மூன்று மாசம். ஒன்று, ஒன்று, ஒன்று என்று சொல்லிச் சொல்லி, லாபம் என்ற சொல் வாயில் வந்தாலே காதாள் கைதட்டி எண்ணிக்கையைக் குலைத்துவிடுகிற அளவுக்குப் பழக்கிவிட்டாள். நைனாருக்குக் கடிதமும் கொடுத்து அனுப்பினாள்: "ஒன்று என்று சொல்லும்வரை இவர் நலம். லாபம் என்று சொன்னால் உடனே அழைத்து வரவும்."

5

மண்டியில் முதல் நாள். சிங்கவரத்துக் காத்தாயி வண்டியோடு வந்திருந்தாள். சம்பந்தம் நின்றான், மரக்காலை நிரப்பினான், தெளிவாகச் சொன்னான்: "ஒன்று."

மூட்டை தூக்கும் பச்சமுத்து கையிலிருந்த சாக்கை விட்டுவிட்டான்.

"இன்னாப்பா இது?" என்றாள் காத்தாயி. "ஆறு மாசம் ஆஸ்பத்திரியில சோறு போட்டு இதான் சொல்லிக் குடுத்தாங்களா? போறப்ப நல்லாதான இருந்த நீ."

"ஒண்ண ஒண்ணுன்னுதான் சொல்லணும்" என்றான் சம்பந்தம்.

"அப்ப இன்னும் கொணமாவல."

நைனார் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒன்று என்றால் மண்டியில் நிற்க முடியாது, லாபம் என்றால் ஊரில் நிற்க முடியாது. "ஒரு வாரம் வூட்ல இருப்பா. யோசிக்கிறேன்" என்றார். இந்த இடத்தில்தான் பஸ்ஸில் கேட்ட வாக்கியம் வருகிறது. இதற்கு மேல் எனக்குத் துணை கிடையாது.

6

அந்த வாரக் கடைசியில் தைலம்மாளே, சம்பந்தத்தை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தாள். போனவர்கள் வேலையில் நிலைத்தார்களா என்று பார்ப்பதும் அவள் வேலையில் ஒரு பங்கு.

"ஒண்ணை ஒண்ணுன்னு சொல்றதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"எனக்கு இன்னாம்மா கஷ்டம்?" என்றார் நைனார். "வூட்ல ஆயிரம் தரம் சொல்லுவேன். மரக்கா முன்னாடி சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு மூக்கு எத்தனை?"

நைனார் மூக்கைப் பார்க்க முயன்றார். மரக்காலைப் பார்த்தார். "லாபம்" என்றார்.

தைலம்மாள் நோட்டை எடுத்தாள். அன்றும் வண்டியோடு வந்திருந்த காத்தாயி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"லாபம்தான். பொண்ணு."

"ஏம்பா, உனக்கு முதுகு எத்தனை?"

பச்சமுத்து யோசித்தான். "நைனாரு இருக்கறப்ப லாபம். அவரு வூட்டுக்குப் போயிட்டா ஒண்ணு."

(நோட்டில் அவள் எழுதியது: பரிசோதித்தது நால்வர். தேறியது சம்பந்தம் மட்டும்.)

எழுதிவிட்டு அவளே அதைப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்து, நைனாரைப் பார்த்து, "முதல் மரக்காலை மட்டும் நீங்க சொல்லுங்க. ரெண்டுலேருந்து அவர் சொல்லட்டும்" என்றாள்.

7

நைனார் "லாபம்" என்றார். சம்பந்தம் ஒரு கொட்டையை மடி மாற்றி, "ரெண்டு" என்றான். அன்று பகலெல்லாம் அப்படியே ஓடியது. காதாள் நடுவில் ஆயிரத்தைத் தொட்டான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

எனக்குப் பிடிக்காத இடம் இனிமேல்தான். காத்தாயியின் இரண்டாவது வண்டி வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நைனார் ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், அது அவர்கள் சமயம். சைக்கிளை எடுத்தார்.

"சம்பந்தம், நான் இல்லாத நேரத்துலயும் அளவு நடக்கணும்ல? இந்த வண்டிய அளந்துட்டின்னா எடம் உனுது. நின்னுபோச்சின்னா நாளைக்கி வேற ஆளு. எனக்கும் வேற வழி தெரியல."

போய்விட்டார்.

"மாடு இருட்டுல நடக்காது" என்றாள் காத்தாயி. "அளக்கிறியா, அடுத்த மண்டிக்கி ஓட்டட்டா?"

"முதல் அளவை நீ சொல்லுக்கா" என்றான் சம்பந்தம்.

"விக்கிறவ சொன்னா லாபம் எனக்குன்னு ஆவுது. நைனாரு ஒத்துப்பாரா?"

"பச்சமுத்து?"

"நான் சொன்னா, மூட்ட தூக்கறவன் வெச்ச லாபம்னு மறுபடி அளக்கச் சொல்லுவாரு."

எல்லோரும் தைலம்மாளைப் பார்த்தார்கள். "கடுதாசி எழுதினவளே நான். நான் சொல்லிட்டா என்னை யாருங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

சம்பந்தம் முதல் மரக்காலை நிரப்பித் தூக்கிவிட்டான். காதாளிடமிருந்துகூடச் சத்தம் இல்லை.

8

(முடிவு அ: "ஒன்று" என்கிறான். காத்தாயி வண்டியைத் திருப்புகிறாள். அடித்துவிட்டேன்.)

(முடிவு ஆ: "லாபம்" என்கிறான். காதாள் கைதட்டுகிறான், சம்பந்தம் அடுத்ததற்கு நாற்பது என்று— இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

(முடிவு இ: நைனார் இலையைவிட்டு எழுந்து ஓடி வருகிறார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் எழுந்தால் பொழுது போய்விடும், ராத்திரி பூரா பட்டினி. கதைக்காக ஒரு மனுசனைப் பட்டினி போட எனக்கு மனசில்லை.)

நானே சொல்லிவிடலாம் என்றால், நான் சொல்வது மையாகக் காகிதத்தில் கிடக்கும். மண்டியில் கேட்காது. உங்களுக்கு வாய் இருக்கிறது. நீங்கள் விற்கிறவர் இல்லை, வாங்குகிறவர் இல்லை, கடிதம் எழுதினவரும் இல்லை. ஒன்று என்பீர்களோ லாபம் என்பீர்களோ, உங்கள் வீட்டில் எப்படியோ அப்படிச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அவன் எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டே நிற்பான்? கீழே உங்களுக்கென்று ஒரு வரி விட்டிருக்கிறேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு.

[ . . . . . . . . . . ]

"ரெண்டு" என்றான் சம்பந்தம்.

வண்டி முழுக்க அளந்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆரம்பித்து வைத்தவர் நீங்கள்.

சொன்ன வாய்க்கு நோவு வராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் அந்த வேலையோடேயே திரும்பி வரட்டும். உங்களில் யாருக்கு எந்தச் சத்தம் கேட்டாலும், "நான் இருக்கேன், நீ அடுத்தத சொல்லு" என்கிற ஒரு ஆள் அந்த வீட்டில் எப்போதும் விழித்திருக்கட்டும்.