கலையின் நாலாவது டயோடு

பூதத்தான் அண்ணாச்சி மேல் நான் கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டேன்.

"யாரைக் கேட்டு அணைச்சீங்க? தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணாச்சி!"

அவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். ஆயுத பூசைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். என்னோடு ஆராய்ச்சி செய்த கலைச்செல்வியின் டயோடு எரிந்துகொண்டிருந்த பெட்டிக்கும்தான்.

"பூசைக்கு எல்லாத்துக்கும் ஓய்வு குடுக்கணும்லா பாப்பா? வருசா வருசம் கலைப் பாப்பா கூடவே நின்னு, இதைத் தொடாதீங்கன்னு சொல்லுவா. இந்த வருசம் சொல்ல ஆளில்ல." அவர் கண் கலங்கிவிட்டது.

சொல்ல வேண்டியவள் நான். பூசைதானே, நமக்கென்ன என்று இரண்டு நாள் மேலப்பாளையத்தில் வீட்டோடு கிடந்தேன். சீ!

பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தில் செய்த டயோடு அது, ஒருவகைச் சின்ன எல்.இ.டி. விளக்கு. சல்லிசாகச் செய்யலாம், வெளிச்சமும் அள்ளும். ஆனால் சீக்கிரம் மங்கிப்போகும். ஆயிரம் மணி நேரம் நிறுத்தாமல் எரிந்தும் வெளிச்சம் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, அதுதான் கலையின் பிடிவாதம். நாலு செய்தாள். மூன்று மங்கின. நாலாவதை ஏற்றிய ஆறாம் நாள், முக்கூடல் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனாள். அவள் குறிப்பைப் பார்த்து நானும் பத்து முறை செய்து பார்த்தேன். அவள் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் அம்மா இசக்கித்தாய் எனக்குப் போன் போடுவார். ஆயிரத்தைத் தொட்டதும் உங்கள் மகள் பெயர் ஆய்விதழில் அச்சில் வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். எண்ணூற்றுத் தொண்ணூறில் அணைந்திருக்கிறது.

மறுபடி ஏற்றினேன். முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. இருட்டில் ஓய்வு கிடைத்தால் இந்தப் படிகம் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அதனால்தான் இடையில் அணைத்த சோதனை செல்லாது. அணைந்த நேரத்தை மறைத்தால் ஒருவருக்கும் தெரியாது. கலை இருந்தால் என்னைச் செருப்பால் அடிப்பாள். 'சோதனை முறிந்தது' என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

"எம்மா ஃபஹ்மிதா, எம்புள்ள வெளக்கு எரியுதா?"

முந்தைய இரண்டு நாளும் வீட்டில் இருந்தபடியே, பார்க்காமலே, "எரியுதும்மா" என்று சொல்லியிருந்தேன். அதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"அழாத தாயி. நீ என்ன வேணும்னா செஞ்ச? அந்த அண்ணாச்சியையும் ஏசாத," என்றார்.

"அப்போ நாளையிலேருந்து," என்று பைய கேட்டார், "நான் என்னத்தச் சொல்லி ஒனக்குப் போன் போடுவேன்?"