ஈரம் ஒரே ஒருமுறை

"ஏம் பாப்பா, பதிமூணே காலுன்னு ஒம் பொட்டியே சொல்லுது. பொறவு எதுக்குத் திருப்பச் சொல்ற?"

கொளஞ்சியம்மாளின் டிராக்டரில் மக்காச்சோள மூட்டைகள் இருந்தன. கிழக்கே வானம் கறுத்திருந்தது. அரியலூர் சாலையோரத்துக் கொள்முதல் கூடத்தில் ஈரம் பதினான்கு சதவீதத்தைத் தாண்டினால் சரக்கை எடுக்க மாட்டார்கள். திரும்பிப் போனால் வழியிலேயே அத்தனையும் நனைந்துவிடும்.

கூடத்தில் கணக்கெழுதும் அபிநயா கணினித் திரையைப் பார்த்தாள். 'திருப்பு 13.25'. எக்செல் தாளில் அந்தக் கணக்கைப் போடும் ஃபார்முலா அவள் எழுதியது.

வண்டிக்கு ஐந்து மூட்டையில் குத்தூசி போட்டு ஈரம் பார்ப்பார்கள். ராத்திரிப் பனியில் மேல்மூட்டை ஊறியிருக்கும், அதைச் சராசரியில் சேர்க்காதே என்று மேலாளர் ரஞ்சித்குமார் நேற்றுதான் சொன்னார். அவளும் மாற்றினாள். ஆனால் அதே சராசரி ஃபார்முலாவில் மூன்று இடத்தில் இருந்தது: பதினான்கைத் தாண்டுகிறதா என்று கேட்க ஒன்று, 'திருப்பு' என்பதோடு காட்ட ஒன்று, 'ஏற்பு' என்பதோடு காட்ட ஒன்று. பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவள் அவள். மாற்றிய இரண்டு இடங்களையே மாற்றி மாற்றிச் சரிபார்த்திருக்கிறாள். கேள்வி கேட்கும் இடம் இன்னும் ஐந்து மூட்டையையும் கூட்டி, பதினான்கைத் தாண்டியதாகத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அபி, தூங்கிட்டியாம்மா? பின்னாடி ஹாரன் காதைக் கிழிக்குது!" என்று கத்தினார் ரஞ்சித்குமார்.

"ஒரு நிமிஷம் சார். தப்பு என்னோடது."

பெரம்பலூர் மாலைக் கணினி வகுப்பில் பரிமளா மேடம் எக்செல்லின் 'லெட்' கட்டளையைச் சொல்லிக்கொடுத்த அன்று, 'கணக்கை ஒருமுறை போட்டுப் பெயர் வை. பிறகு பெயரைச் சொன்னால் போதும்' என்று டைரியில் எழுதி, கீழே 'எனக்கு வருமா?' என்றும் எழுதியிருந்தாள். இப்போது நான்கு மூட்டையின் சராசரியை ஒரே இடத்தில் அடித்தாள். அதற்கு 'ஈரம்' என்று பெயர் வைத்தாள். தமிழை ஏற்குமோ? மற்ற மூன்று இடத்திலும் அந்தப் பெயரை மட்டும் போட்டு என்டரைத் தட்டினாள்.

'ஏற்பு 13.25'.

அவள் வைத்த பெயரை அந்தப் பெட்டி புரிந்துகொண்டது! ஒருமுறை கூட்டியதை மூன்று இடமும் நம்பி எடுத்துக்கொண்டன. தனக்கு அப்படி நம்ப ஒருநாளும் வந்ததில்லையே என்று தோன்றியது.

"உள்ள விடுங்கம்மா வண்டிய!" என்றாள் அபிநயா.

"நல்லாயிரு தாயி. பொட்டிக்குத்தான் பைத்தியம்னு நெனச்சேன்" என்றார் கொளஞ்சியம்மாள்.

ஃபார்முலாவை மேலேயிருந்து கீழ்வரை இழுத்துவிட்டாள். வரிசை முழுவதும் ஒரு நொடியில் தன்னைத் திருத்திக்கொண்டது. வாய்பிளந்து பார்த்தவளின் கண் ஒரு வரியில் நின்றது. சற்றுமுன் திருப்பியனுப்பிய முத்துவேலின் வண்டி. அதுவும் 'ஏற்பு'.

போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"சிறுவாச்சூர்ல டீக்கடை ஓரமா, தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு. ஏன், இன்னொரு தடவ திருப்பியனுப்பணுமா?"

"இல்லண்ணே. உங்க சரக்கு நல்ல சரக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். வந்துருங்க."

மறுமுனையில் டிராக்டர் உறுமியது. தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. அபிநயா வெளியே ஓடி, கூடத்தின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள்.