மூணு பாட்டில் பாரீஸ் பீர்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அருள்ராணிக்கு முதல் ஓலை படிக்கப் போகிறார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பங்குசாமியார் கோயிலில் எல்லார் காதிலும் விழும்படி அறிவித்துவிட்டால், அப்புறம் பின்வாங்குவது குடும்பத்துக்கே கேவலம். அதனால் இந்தச் சனிக்கிழமை மட்டும் நல்லபடியாகக் கழிந்துவிட வேண்டுமே என்று அருள்ராணியின் அம்மா சவுரியம்மாள் மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்றால் சும்மாவா? பாரீஸில் வேலை, கையில் பிரெஞ்சு நேஷனாலிட்டி. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போடுகிறவர் பெண்ணுக்கு இப்படி ஒரு இடம் லேசில் அமையுமா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா லூர்துநாதன் பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். மீசையைப் பார்த்தாலே தெரியும். உட்கார்ந்த கையோடு பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பிள்ளை பாரீஸிலிருந்து அனுப்பிய பீராம். ஒன்று மஞ்சள், ஒன்று செம்பட்டை, ஒன்று சுத்தக் கருப்பு. சம்மந்தி மூன்றையும் வரிசையாக ருசி பார்த்து, எது ஒசத்தி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

சவுரியம்மாளுக்குப் பகீரென்றது. அவள் புருஷன் சின்னப்பராஜ் ஒரு வாயில்லாப் பூச்சி. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதற்கே பத்துத் தடவை யோசிப்பார். ஆனால் எப்போதாவது கொஞ்சம் உள்ளே போய்விட்டால் போதும், மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிடுவார். காலையில் அவளும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள், அவரும் எடுக்க மாட்டார். போதையில் சொன்னதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனாலும் இன்றைக்கு என்ன உளறித் தொலைப்பாரோ என்று அவளுக்குப் பயம். சம்மந்தி ஊற்றுவதைத் தடுக்கவும் முடியாது. கண்ணாலேயே புருஷனை மிரட்டிவிட்டு உள்ளே போனாள்.

மஞ்சளில் ஆரம்பித்தார்கள். சின்னப்பராஜ் ஒரு வாய் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, மெள்ள விழுங்கினார். வடித்த கஞ்சியை ஆறவிட்டு எலுமிச்சைத் தோலைக் கிள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். அடேயப்பா, இந்த மனுஷனுக்குள் இவ்வளவு ரசனையா! செம்பட்டைக்கு வந்ததும் தலையை ஆட்டினார். முதலில் வெல்லப்பாகு வாசனை, கடைசியில் அடிநாக்கில் ஒரு கசப்பு, அந்தக் கசப்பு மட்டும் இல்லாவிட்டால் திகட்டிவிடும் என்றார். லூர்துநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். கருப்புக்குத்தான் நெடுநேரம் பிடித்தது. கேப்பையை வறுக்கும்போது கொஞ்சம் தீயவிட்டால் ஒரு மணம் வருமே, அது இதில் இருக்கிறது, மூன்றில் இதுதான் ராஜா என்று தீர்ப்புச் சொல்லி, மிச்சத்தையும் தன் டம்ளரிலேயே கவிழ்த்துக்கொண்டார்.

அப்புறம் குரல் ஏறியது. நாக்குக் குழறியது. சவுரியம்மாள் வடைத் தட்டோடு வந்தபோது அவர் சம்மந்தியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. எம் பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லீங்க. விழுப்புரத்துல டீச்சர் டிரெய்னிங் படிச்சிக்கினு இருக்குது, அத முடிக்கணும்னு அழுவுது. எங்கிட்ட சொல்லிச்சி. எனக்குத்தான் வெளிய சொல்லத் தெம்பு இல்ல."

அட பாவி மனுஷா, குடியைக் கெடுத்தாயே! சவுரியம்மாள் எப்படியோ சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். போதை ஏறினால் இவர் இப்படித்தான் உளறுவார், காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இருக்காது, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று படபடவென்று அடுக்கினாள். சின்னப்பராஜும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆமாம், கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது என்று முனகினார்.

லூர்துநாதன் சிரிக்கவில்லை. காலி பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

"இதுல போதையே கெடையாதும்மா," என்றார். "எனக்கு ஈரல் கெட்டுப்பூட்டுது. டாக்டர் குடிக்கவே கூடாதுன்னுட்டாரு. ருசிக்காவது ஆவட்டும்னு போதையில்லாத பீரா பார்த்து அனுப்பறான் பையன். பட்டாளத்துக்காரன் இதப் போய்க் குடிக்கிறானேன்னு சிரிப்பீங்கன்னுதான் சொல்லல."

சவுரியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதை இல்லையா? அப்படியானால் இந்த மனுஷன் முழுத் தெளிவோடு உட்கார்ந்துகொண்டா அத்தனையும் சொன்னார்? புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைவிட அரண்டுபோயிருந்தார். கையை நீட்டி விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். கால் தள்ளாடவில்லை.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள் என அவள் அவர் காதோரம் கெஞ்சினாள். ஒரே ஒரு பொய். அதைச் சொல்லிவிட்டால் பாரீஸ் கைவிட்டுப் போகாது.

சின்னப்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். குழறல் போயிருந்தது.

"நெதானத்துலதான் சொல்றேன் சம்மந்தி," என்றார். "ஓலை படிக்க வேணாங்க."

லூர்துநாதன் சமையற்கட்டு வாசலில் நின்ற அருள்ராணியைக் கூப்பிட்டு, அப்பா சொல்வது நிஜமா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடியே ஆமாம் என்றாள். பெரியவர் பங்குசாமியாரிடம் தானே சொல்லிவிட்டுப் போவதாகச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வந்தபோது இருந்த மிடுக்கு நடையில் இல்லை.

கட்டினவரும் பெற்ற மகளுமாகச் சேர்ந்து இப்படித் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்களே என்று சவுரியம்மாளுக்கு ஆறவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அருள்ராணி அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"சொன்னேம்மா. நீதான், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிக்கப் போவணும், அழுது மூஞ்சிய வீங்க வெச்சிக்காதேன்னே."