முன் சக்கரமா, பின் சக்கரமா

பின் சக்கரம் உயிரை விட்டபோது மணி ஆறு நாற்பத்தொன்று.

அவள் சைக்கிளிலிருந்து இறங்கி டயரை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது. ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஷட்டரை அவள்தான் திறக்க வேண்டும். சாவி அவள் பையில். கூடமோ இன்னும் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. முதல் பஸ்ஸே ஏழு பத்துக்குத்தான். கூடத்து வாசலில் இந்நேரம் ஆறேழு பேர் வெறும் வயிற்றோடு வந்து நின்றிருப்பார்கள். பசியோடு நிற்கிறவர்களுக்குக் கடிகாரம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். இரண்டுக்கும் காரணம் இதே டயர். மேனேஜர் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார்: "மூணாவது தடவை ஆச்சுன்னா சாவியைக் கொடுத்துட்டு மதிய ஷிஃப்டுக்கு மாறிடுங்கம்மா."

மதிய ஷிஃப்ட் என்றால் இரண்டிலிருந்து பத்து. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வீடு வரும்போது இவள் இருக்க மாட்டாள். இவள் வீடு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அம்மா.

ஆனாலும் அவள் பதறவில்லை. பையில் பம்ப் இருந்தது. மூன்று வாரம் அவள் உயிரை வாங்கிவிட்டு, நேற்று மாலைதான் வந்து சேர்ந்த பம்ப்.

அவள் கணவன் பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுண்ட்டரில் இருக்கிறான். மாமனார் லாரி எடைமேடையில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். மகனுக்குக் கிராம், அப்பாவுக்கு டன். இந்த இரண்டு பேரிடமும் போய், "காத்து அடிக்க ஒரு சின்ன பம்ப் வேணும், பையில போடற மாதிரி," என்று வாய் தவறிச் சொன்னது அவள் செய்த குற்றம்.

கணவன் அன்றே ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டான். பதினான்கு கட்டம். நீளம், எடை, எத்தனை அடிக்கு எவ்வளவு அழுத்தம், கைப்பிடி மடங்குமா, அளவுமானி உண்டா. பேட்டரியில் தானாக அடிக்கிற பம்ப் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. நானூற்றைம்பது கிராம் என்று தெரிந்ததும் தள்ளுபடி. ஒரே அழுத்தில் நிரப்பும் கேஸ் குப்பி இரண்டு நாள் தாக்குப்பிடித்தது.

"அது ஒரு தடவைதான். தீர்ந்துபோனா?" என்றார் மாமனார்.

"தீர்ந்துபோனா வேற குப்பி, மாமா," என்றாள் அவள்.

"அந்தக் குப்பியோட எடை?" என்றான் கணவன்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

இரண்டாவது வாரம் பொறுக்க முடியாமல் அவனைச் சைக்கிள் கடைக்கே இழுத்துப் போனாள். அவள் டயருக்கு வழக்கமாகக் காற்று அடித்துத் தருகிறவர் கடைக்காரர்தான். போன வருடம் வளைந்துபோன பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக் கொடுத்தவரும் அவரே. ட்யூபை நாலு தடவை தண்ணீரில் முக்கிப் பார்த்தும் ஓட்டை அகப்படாமல் சலித்துப்போயிருந்தார்.

"பம்ப்பா? முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா?" என்று கேட்டார்.

கணவன் சிரித்தான். "ஏங்க, காத்துல முன் காத்து, பின் காத்துன்னு வேற இருக்கா?"

"இல்ல சார், நான் எதுக்குக் கேக்கறேன்னா..."

"எல்லாம் பார்த்தாச்சுங்க. பதினாலு பாயிண்ட்." தாளை விரித்துக் காட்டினான்.

கடைக்காரர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

கடைசியில் ஜெயித்தது தொண்ணூற்றெட்டு கிராம் பம்ப். நேற்று அது வந்ததும் நடையில் வைத்தே சோதனை நடந்தது. செருப்பு அலமாரியை ஒட்டி நிற்கும் சைக்கிளில் கைக்கு எட்டுவது முன் சக்கரம்தான். அதில் மாட்டி அடித்தான். கல் மாதிரி ஏறியது. மாமனார் கைதட்டினார். மகள் தானும் நாலு அடி அடித்தாள். அன்று ராத்திரி இவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது பம்ப்பை எடுத்துப் பின் சக்கரத்து வால்வின் மூடியைத் திருகினாள். குழாய் முனையை வைத்து அழுத்தினாள். நிற்கவில்லை. திருப்பி வைத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். பின் வால்வு பென்சில் முனை மாதிரி ஒல்லி. எட்டிப் பார்த்தால் முன் வால்வு கார் டயரில் இருக்கிற மாதிரி தடியாக நிற்கிறது. கடைக்காரர் பின் சக்கரம் மாற்றிக் கொடுத்து ஒரு வருடமாக ஓட்டுகிறாள். அவளும்தான் ஒரு நாள் கூட கவனித்ததில்லை.

ஆறு நாற்பத்தைந்து. போன் போட்டாள்.

"என்னங்க, பம்ப் பின் சக்கரத்துல மாட்ட மாட்டேங்குது. வால்வு ஒல்லியா இருக்கு."

"ஒல்லியா? முன்னாடி தடியால்ல இருந்தது?"

"முன்னாடி காத்து இருக்குங்க. இறங்கினது பின்னாடி."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கு ஒரு பித்தளைத் துண்டு உண்டு," என்றான் கணவன். "ஒல்லி வால்வு மேல திருகிட்டா தடியாயிடும். பம்ப்போடவே வந்தது."

"எங்க இருக்கு? பையில தேடறேன்."

"பையில இல்ல. நாந்தான் எடுத்து வச்சேன். அந்தத் துண்டு, பந்துக்குக் காத்தடிக்கிற ஊசி, துணிப்பை எல்லாம் சேர்ந்து ஒன்பது கிராம். வீண் சுமைதானேன்னு..."

"எடுத்துட்டீங்க."

"கவர்ல போட்டு, மேல எழுதி வச்சிருக்கேன். தொலைஞ்சு போகல."

பின்னால் மாமனார் குரல் கேட்டது: "ஒன்பது இல்லடா, எட்டரை."

அவள் போனை வைத்தாள். திட்டுவதற்குக் கூட நேரமில்லை. ஆறு நாற்பத்தேழு. தள்ளிக்கொண்டு ஓடினால் ஏழைத் தாண்டும். அப்படியே ஏறி மிதித்தால் டயரும் ரிம்மும் நாசமாகும். மகள் நேற்று பம்ப்பைப் பிடித்து நாலு அடி அடித்தது ஞாபகம் வந்தது.

ஏறினாள்.

உட்காராமல், உடம்பு முழுவதையும் ஹாண்டில்பார் மேல் சாய்த்து மிதித்தாள். பின் சக்கரம் தடக் தடக்கென்று ரோட்டை அடித்தது. மேட்டில் தொடை எரிந்தது. நடைப்பயிற்சிக்காரர் ஒருவர், "பின்னாடி பஞ்சர் பாருங்க," என்றார்.

"தெரியும்," என்றாள். வேறு எதற்கும் மூச்சு இல்லை. கடைசி வளைவில் ரிம் நேராகத் தரையில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

கூடத்து வாசலில் ஏழு பேர். ஏழு பேரும் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி இரண்டு முறை துவாரத்தைத் தவறி, மூன்றாவது முறை புகுந்தது. ஷட்டரைத் தூக்கி உள்ளே ஓடி வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தாள். வியர்வையில் ஏற்க மறுத்தது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

ஆறு ஐம்பத்தொன்பது.

ஏழே காலுக்கு, மூன்றாவது ஆளின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் கணவன் வந்து இறங்கினான். கையில் சின்னக் கவர். அதன் மேல் அழகான கையெழுத்தில் 'தேவையற்றவை - 9 கிராம்'. ஒன்பதை யாரோ பென்சிலால் அடித்து எட்டரை ஆக்கியிருந்தார்கள்.

நேரே உள்ளே நுழைந்தவனை ஒரு பெரியவர் மறித்தார். "தம்பி, வெறும் வயித்துலதான வந்திருக்கீங்க?"

"ஆமாங்க, அவசரத்துல..."

"நாங்களும்தான். பின்னாடி போய் நில்லுங்க."

நின்றான். அவன் முறை வரும்வரை அவள் தலையைத் தூக்கவில்லை.

"நேரத்துக்கு வந்துட்டியா?" என்றான் மெல்ல.

"வந்துட்டேன். ரிம் போச்சு."

"ஐயோ. புது ரிம்னா எடை எவ்வளவு வரும்னு..." அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான். "நான் என்ன செய்யணும், சொல்லு."

அவள் பம்ப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சைக்கிளைத் தள்ளிட்டுக் கடைக்குப் போங்க. எட்டு மணிக்குத் திறப்பார். எந்தச் சக்கரம்னு கேப்பார். இந்தத் தடவை சிரிக்காம பதில் சொல்லுங்க."

பிறகு அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அடுத்தவங்க வாங்க."